ஆக்கியோனும் ஆக்கவுரிமையும்: இரட்டைச் சிம் வழக்கை முன்னிறுத்திய சில சிந்தனைகள்

சிலாபத்துக்கு வடக்கே உடப்பு, முந்தல், புத்தளம், கற்பிட்டி என நீளும் கரையோரத்திலே, கடற்றொழிலாளர் ஒருவரின் கையிலோ மீன் வாடியொன்றின் கணக்குப் பலகையிலோ காணப்படும் கையடக்கத் தொலைபேசி பெரும்பாலும் இரு சிம் அட்டைகளைக் கொள்ளத்தக்கதாகவே இருக்கும். ஒரே வலையமைப்பினுள் பேசுவதற்கு ஒரு கட்டணமும் வேற்று வலையமைப்போடு பேசுவதற்குக் கூடிய கட்டணமும் அறவிடப்பட்ட காலத்தில், இரண்டு இணைப்புகளை வைத்திருத்தல் வருவாய் குறைந்தோரின் சிக்கனமாயிற்று. ஓரிடத்தில் ஒரு நிறுவனத்தின் அலை எட்டாதபோது மற்றையதன் அலை எட்டும் என்பதும் ஒரு வசதி. ஆசிய, ஆபிரிக்க நாடுகளின் எளிய மக்களிடையேதான் இரட்டைச் சிம் தொலைபேசி முதலிற் பெருவாரியாகப் பரவியது. நொக்கியா போன்ற பெருங்கம்பனி 2010ஆம் ஆண்டளவிலேயே இச்சந்தையுள் நுழைந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இத்தகைய தொலைபேசியின் மீது தனக்குச் சட்டப்படி உரிமையுண்டு எனக் கூறித் தமிழ்நாட்டவர் ஒருவர் பன்னாட்டுக் கம்பனிகளோடு வழக்காடினார் என்ற செய்தி நம்மிடையே பரவலாக அறியப்பட்டதன்று. அவ்வழக்கை எடுத்துக்கொண்டு, ஆக்கவுரிமை என்னும் நிறுவனம் எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதையும், அது யாருக்குப் பயன்படுகின்றது என்பதையும் நோக்குவதே இக்கட்டுரையின் எல்லை. நாம் சட்டத்துறையினர் அல்லர். எனினும், ஒரு படைப்பின் ஆக்கியோன் யார் என்ற வினா இலக்கிய மாணவருக்கு அந்நியமானதன்று.

முதலிற் சொல்லை நோக்குவோம். பேச்சு வழக்கிலே 'பேற்றன்ற்' எனப்படுவதனை நாம் ஆக்கவுரிமை என்கிறோம். தமிழ்நாட்டார் காப்புரிமை என்பர். இரு பெயர்களும் ஒன்றையே குறிப்பினும் அவற்றின் அழுத்தம் வேறு. முன்னையது ஆக்கியவனைச் சுட்டுகின்றது; பின்னையது காக்கப்படுதலைச் சுட்டுகின்றது. சட்டத்தின் உள்ளடக்கமோ இவ்விரண்டையும்விட ஒடுங்கியது. ஒருவர் தமது கண்டுபிடிப்பு எவ்வாறு இயங்குகிறது என்பதை எழுத்தில் வெளிப்படுத்துகிறார். அதற்குக் கைம்மாறாக, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்குப் பிறர் அதனைச் செய்வதையும் விற்பதையும் இறக்குமதி செய்வதையும் தடுக்கும் உரிமையை அரசு வழங்குகிறது. தடுக்கும் உரிமை என்பதே இங்குக் கருத்தூன்றத்தக்கது. கள்வனைப் பொலிஸார் தேடுவதுபோல் உரிமையை மீறுவோனை அரசு தேடிச் செல்வதில்லை. உரிமையாளரே கண்டறிந்து, சான்று திரட்டி, சட்டத்தரணியை அமர்த்தி, வழக்குத் தொடுத்தல் வேண்டும். ஆகவே உரிமைப் பத்திரம் என்பது, நடைமுறையில், வழக்காடுவதற்கான ஓர் அனுமதிச் சீட்டே. சீட்டு இலவசமாகக் கிடைத்தாலும் பயணச் செலவு பயணிக்குரியது.

எஸ். ராம்குமார் என்பவர் 2002 மார்ச் மாதத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட சிம் அட்டைகளை வெவ்வேறு வலையமைப்புகளுக்கென ஒதுக்கிக்கொள்ளும் கையடக்கத் தொலைபேசி ஒன்றுக்குச் சென்னையில் விண்ணப்பித்தார். ஆறாண்டுகளின் பின்னர், 2008இல், 214388 என்ற இலக்கமுடைய உரிமை அவருக்கு வழங்கப்பட்டது. விண்ணப்பம் கொடுத்த நாளில் இந்தியாவிற் கையடக்கத் தொலைபேசியே வசதிபடைத்தோரின் பொருளாக இருந்தது. உரிமை கிடைத்த நாளிலோ சீனத்தில் உற்பத்தியான மலிவான இரட்டைச் சிம் தொலைபேசிகள் கப்பல் கப்பலாக வந்திறங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு விற்பனையாளரையும் தேடிப்பிடித்து வழக்காடுவது தனியொருவரால் ஆகக்கூடியதன்று. ராம்குமார் வேறொரு வழியைக் கண்டார். 2007ஆம் ஆண்டின் இந்தியச் சுங்க விதிகளின்படி, அறிவுசார் சொத்துரிமை உடைய ஒருவர் அதனைச் சுங்கத்திற் பதிவுசெய்துகொண்டால், உரிமையை மீறுவதாக ஐயுறப்படும் இறக்குமதிகளை அதிகாரிகள் நிறுத்திவைக்கலாம். 2009இல் அவர் இவ்விதியைக் கையாண்டார். இரட்டைச் சிம் தொலைபேசிகள் சுங்கத்திற் தடைப்பட்டன.

தனிமனிதர் ஒருவரின் கையிலே அகப்பட்ட இக்கருவியின் வலிமை வியப்புக்குரியது. ஆண்டுக்கணக்கில் நீதிமன்ற வாசலிற் காத்திருக்க வேண்டியவர் எதிரியையே காக்க வைத்தார். அக்கணமே கம்பனிகள் விழித்துக்கொண்டன. ஸ்பைஸ் நிறுவனமும் சாம்சுங்கின் இந்தியக் கிளையும், ராம்குமாரின் உரிமையையே இரத்துச் செய்யவேண்டும் எனச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அறிவுசார் சொத்துரிமை மேன்முறையீட்டு வாரியத்தின் முன் சென்றன. சென்னை உயர் நீதிமன்றத்திலும் வழக்கு நடந்தது. 2012இல் வாரியம் உரிமையை இரத்துச் செய்தது. முன்னரே அறியப்பட்டவற்றிலிருந்து, துறையறிவுடைய ஒருவர் எளிதில் எட்டக்கூடியதே இக்கண்டுபிடிப்பு என்பது அதன் முக்கிய காரணம். வாரியம் முற்றிலும் ஆதாரமின்றிப் பேசிற்று என்று கூறுதல் நேர்மையாகாது. பின்லாந்தின் பெனிபொன் நிறுவனம் 2000ஆம் ஆண்டளவிலேயே இரு சிம் கொள்ளும் தொலைபேசியொன்றை வெளியிட்டிருந்தது என்பது உண்மை.

எனினும் 'எளிதில் எட்டக்கூடியது' என்னும் அளவுகோலைச் சற்று நின்று நோக்குதல் தகும். ஒரு கண்டுபிடிப்பு புதிதாக இருந்தாற் போதாது. அத்துறையிற் சராசரித் தேர்ச்சி உடையவருக்கு அது வெளிப்படையாகத் தோன்றாததாகவும் இருக்கவேண்டும் என்பது எல்லா நாட்டுச் சட்டங்களிலும் காணப்படும் நியதி. இந்தச் சராசரித் தேர்ச்சியாளர் எங்கும் வாழாத கற்பனை மனிதர். கம்பனியின் சட்டத்தரணி அவரை எல்லாம் அறிந்தவராக வருணிப்பார். கண்டுபிடிப்பாளரின் சட்டத்தரணி அவரை மந்தமதியினராகக் காட்டுவார். விடையைக் கண்டபின் விடுகதை எளிதாகத் தோன்றுவது இயல்பு. நீதிமன்றமோ விடை தெரிந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னரே கூடுகிறது.

அமெரிக்கரான ரொபேட் கேர்ண்ஸ் இவ்வாதத்தை வாழ்நாளின் பெரும்பகுதிக்குச் சுமந்தவர். மோட்டார் வண்டியின் கண்ணாடித் துடைப்பான் சிறு தூறலில் இடைவிட்டு இயங்குவதற்கான மின்சுற்றை ஆக்கி, 1967இல் உரிமை பெற்றார். போர்ட் கம்பனியினருக்கு அதனைக் காட்டியுமிருந்தார். 1969இல் போர்ட் வண்டிகளில் இத்தகைய துடைப்பான் தோன்றிற்று. 1978இல் அவர் வழக்குத் தொடுத்தார். அவர் பயன்படுத்திய உறுப்புகள் யாவும் எந்தக் கடையிலும் வாங்கத்தக்கவை, அவற்றைச் சேர்த்ததில் என்ன புதுமை என்பதே கம்பனியின் வாதம். 1990இல், பன்னிரண்டு ஆண்டுகளின் பின், போர்ட் ஒரு கோடி டொலருக்குச் சற்று மேற்பட்ட தொகையைக் கொடுத்தது. கிறைஸ்லருக்கு எதிரான வழக்கிற் கேர்ண்ஸ் 1992இல் வென்றார். இடையிலே தம் சட்டத்தரணிகளை விலக்கித் தாமே வாதாடினார். அவரது இல்லறம் குலைந்தது. அவர் கேட்டது பணமன்று; தாமே உற்பத்தி செய்யும் உரிமையை. அதனை எந்த நீதிமன்றமும் அவருக்குக் கொடுக்கவில்லை.

கேர்ண்ஸாவது வென்றார். எட்வின் ஆர்ம்ஸ்ட்ரோங்கின் கதை வேறு. இன்று எப்.எம். எனப்படும் வானொலி ஒலிபரப்பு முறைக்கு 1933இல் உரிமை பெற்ற இவர், 1948இல் ஆர்.சி.ஏ. கம்பனி மீது வழக்குத் தொடுத்தார். விசாரணைக்கு முந்திய வாக்குமூலப் படலத்திலேயே கம்பனியின் சட்டத்தரணிகள் அவரை ஏறத்தாழ ஓராண்டு காலம் வினவிக்கொண்டிருந்தனர். ஏன் இத்துணை வினாக்கள்? அடிப்படை உரிமைகள் 1950இற் காலாவதியாகும் என்பதை இரு தரப்பினரும் அறிந்திருந்தனர். காலம் கம்பனிக்காக உழைத்தது. அதற்குக் கூலியும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. 1954 ஜனவரி 31ஆந் திகதி ஆர்ம்ஸ்ட்ரோங் நியூயோர்க் மாடிவீட்டிலிருந்து குதித்து உயிர்நீத்தார். அவர் மனைவி மரியன் வழக்குகளை விடாது நடத்தி, அவ்வாண்டு இறுதியில் ஆர்.சி.ஏ.யிடமிருந்து பத்து இலட்சம் டொலருக்குச் சற்று மேலாகப் பெற்றார். கடைசி வழக்கு மோட்டொரோலாவுக்கு எதிரானது. அது முடிந்தது 1967இல்.

இவற்றை அடுக்கிப் பார்க்கும் முற்போக்கு வாசகர், எளிய கண்டுபிடிப்பாளர் ஒருபுறம், ஏகபோக மூலதனம் மறுபுறம் எனக் கோடு கிழித்து, முன்னவர் பக்கம் நின்றுவிடுதல் இயல்பு. நாமும் அங்கேயே நிற்க விரும்புவோம். ஆனால் இரட்டைச் சிம் வழக்கு அவ்வளவு எளிதில் நம்மை விடுவதில்லை. ராம்குமார் முற்றாக வென்றிருந்தால் நடந்திருக்கக்கூடியது யாது? ஒவ்வொரு மலிவான தொலைபேசியின் மீதும் ஓர் உரிமைத் தொகை ஏறியிருக்கும். அல்லது அத்தகைய தொலைபேசி சந்தைக்கே வராது நின்றிருக்கும். 2009இற் சுங்கத்தில் தடைப்பட்டவை கோடீசுவரர்களுக்கான பொருள்கள் அல்ல. கூலித்தொழிலாளியும் மீனவனும் வாங்கக்கூடிய தொலைபேசிகளே அவை. ஆக்கியோனின் நியாயமும் பயன்படுத்துவோரின் நலனும் இங்கு எதிரெதிராக நிற்கின்றன. தனியுடைமையைப் பொதுவாக எதிர்ப்போர், அவ்வுடைமை ஓர் ஏழையின் கையில் இருக்கும்போது மட்டும் அதனைப் புனிதமெனக் கொள்ளுதல் முரண்பாடாகும்.

அப்படியாயின் கம்பனிகள் மக்களின் பக்கம் நின்று வாதாடினவா? இவ்வினாவுக்கு அதே 2012ஆம் ஆண்டே விடை தருகிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வாரியத்தின் முன் ராம்குமாரின் உரிமை செல்லாது என வாதிட்ட அதே சாம்சுங் குழுமம், கலிபோர்னியாவில் ஆப்பிள் கம்பனியோடு பெரும் போர் நடத்திக்கொண்டிருந்தது. அங்கே அது ஆப்பிளின் உரிமைகளை வெளிப்படையானவை எனத் தாக்கியது. அதே மூச்சில் தன் சொந்த உரிமைகளை ஆப்பிள் மீறியது எனவும் கோரியது. அவ்வாண்டு ஓகத்தில் நடுவர் குழு சாம்சுங்குக்கு எதிராக நூறு கோடி டொலருக்கு மேல் விதித்தது. சாம்சுங் அழிந்துபோகவில்லை. 2018இல் இரு கம்பனிகளும் சமரசம் செய்துகொண்டன. அடுத்து நிகழ்ந்தது இன்னும் தெளிவானது. 2013 மார்ச்சில் சுவீடனின் எரிக்சன் நிறுவனம், இந்தியாவில் மலிவான இரட்டைச் சிம் தொலைபேசிகளைப் பெருவாரியாக விற்ற மைக்ரோமெக்ஸ் மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. தொலைபேசியின் விலையில் ஒரு விகிதத்தை இடைக்கால ஏற்பாடாகச் செலுத்தும்படி நீதிமன்றம் பணித்தது. ஆகவே ராம்குமாரின் தோல்வியால் எளியோரின் தொலைபேசி இறையிலி நிலமாகிவிடவில்லை. இறை செலுத்தப்பட்டது; வாங்கியவர் மட்டும் வேறானார்.

இங்குதான் ஆக்கவுரிமையின் உண்மையான சமூகச் செயற்பாடு புலப்படுகிறது எனலாம். ஆயிரக்கணக்கான உரிமைகளைக் குவித்து வைத்திருக்கும் கம்பனிக்கு, ஓர் உரிமை இரத்தானாலும் மற்றையவை எஞ்சும். இத்தகைய இரு கம்பனிகள் மோதும்போது, உன்னுடையதை நான் பயன்படுத்துகிறேன், என்னுடையதை நீ பயன்படுத்து என ஒப்பந்தம் எழுதிக்கொள்கின்றன. அக்குவியல் பண்டமாற்றுச் சரக்காகிறது. ஒரேயொரு உரிமையை வைத்திருப்பவரிடம் மாற்றிக்கொள்ள எதுவுமில்லை. வென்றாகவேண்டும் அல்லது இழந்தாகவேண்டும். ஆக்கியோனைக் காப்பதாகச் சொல்லும் சட்டம், குவித்தோனையே காக்கிறது. குவித்தோனிடம் கூலிக்கு உழைக்கும் பொறியியலாளரோ வேலை ஒப்பந்தத்திலேயே தம் கண்டுபிடிப்பை எழுதிக் கொடுத்துவிடுகிறார். ராம்குமார் அத்தகைய ஒப்பந்தமின்றி வெளியே நின்றதனாலேயே அவர் பெயர் நமக்குத் தெரியவருகிறது.

சுங்கத்தின் கதவுக்கு நேர்ந்ததையும் கூறிவிடல் வேண்டும். 2012 ஜூலையில், வேறொரு தனிக் கண்டுபிடிப்பாளர் எல்.ஜி. கம்பனிக்கு எதிராக இதே விதியைக் கையாண்ட வழக்கில், ஆக்கவுரிமை மீறப்பட்டதா என்பதைச் சுங்க அதிகாரிகள் தாமாகத் தீர்மானிக்கலாகாது என டெல்லி உயர் நீதிமன்றம் கூறியது. 2018 ஜூனில் இந்திய அரசு அவ்விதிகளைத் திருத்தி, ஆக்கவுரிமையை அவற்றின் எல்லையிலிருந்தே நீக்கியது. வணிகச் சின்னங்களுக்கு அக்கதவு தொடர்ந்தும் திறந்திருந்தது. ஆக்கவுரிமை சிக்கலானது, சுங்க உத்தியோகத்தர் அதனை மதிப்பிட இயலாதவர் என்னும் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. அந்தக் கதவை எளியோர் திறக்கப் பழகிய பின்னரே அது மூடப்பட்டது என்ற கால ஒழுங்கை மட்டும் குறித்து வைக்கிறோம்.

சட்டங்கள் ஆகாயத்திலிருந்து விழுந்தவையல்ல. சுதந்திர இந்தியாவின் ஆக்கவுரிமைகளிற் பெரும்பாலானவை அந்நியருக்கு உரியன என்பதையும், அவற்றுள் மிகப் பல இந்தியாவில் உற்பத்திக்கே பயன்படுத்தப்படவில்லை என்பதையும் 1959இல் நீதிபதி ராஜகோபால ஐயங்கார் தமது அறிக்கையில் எடுத்துக்காட்டினார். அதன்வழி வந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம், மருந்துக்கும் உணவுக்கும் பொருளுரிமையை மறுத்தது; செய்முறைக்கு மட்டுமே உரிமை வழங்கியது. இந்திய மருந்துத் தொழில் இதன் நிழலிலேயே வளர்ந்தது. உலக வர்த்தக அமைப்பின் நிபந்தனைகளுக்கிணங்க 2005இல் அந்நிழல் அகற்றப்பட்டது. ஒல்லாந்து 1869இல் ஆக்கவுரிமைச் சட்டத்தையே ஒழித்து, 1912 வரை அஃதின்றியே தொழில் வளர்த்தது என்பதையும் இவ்விடத்தில் நினைவூட்டலாம். ஏணியில் ஏறியவர் ஏணியை மேலே இழுத்துக்கொள்வதில் வியப்பில்லை. நம் நாட்டிலோ குடியேற்ற ஆட்சியின் 1906ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் எழுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. அதனை மாற்றிய 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டக்கோவை, திறந்த பொருளாதாரம் புகுத்தப்பட்ட ஈராண்டில் வந்தது. அந்நிய முதலீட்டாளருக்கான வரவேற்புத் தோரணங்களுள் அதுவும் ஒன்று. இன்று நடைமுறையிலுள்ளது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம். இதன்கீழ் எழும் வழக்கு கொழும்பின் வர்த்தக மேல் நீதிமன்றத்துக்குச் செல்லும்.

இனி, கட்டுரையின் தொடக்கத்தில் நாம் கண்ட கரைக்கு மீள்வோம். இக்கரையிலே கண்டுபிடிப்புகள் இல்லையா? உண்டு, ஆனால் அவற்றுக்கு ஆக்கியோன் பெயர் இல்லை. கரைவலையை எடுத்துக்கொள்வோம். மடியின் கண்ணளவு, சிறகுகளின் நீளம், கயிற்றின் முறுக்கு, பாட்டுக்குப் பாடு மாறுபடும் நீரோட்டத்துக்கேற்ப வலையை வளைக்கும் நுணுக்கம் ஆகிய யாவும் தலைமுறை தலைமுறையாகத் திருத்தம் பெற்றவை. வலை இழுக்கையில் உடப்புத் தொழிலாளர் பாடிய அம்பாப் பாடலும் அத்தகையதே. ஒருவர் அடியெடுக்க மற்றையோர் ஏற்றுப் பாடும் அப்பாடலின் ஆசிரியர் யார் என வினவுதல் பொருளற்றது. வாய்மொழி இலக்கியத்துக்குத் தனி ஆசிரியரைத் தேடலாகாது என்பதை நாட்டார் வழக்காற்றியல் நமக்குக் கற்பித்து வெகுகாலமாயிற்று. தொழினுட்பத்துக்கும் அது பொருந்தும் என்பதை மார்க்ஸ் அதற்கு முன்னரே கண்டார். 1867இல் வெளிவந்த மூலதனத்தின் முதலாம் பாகத்தில், இயந்திரம் பற்றிய அதிகாரத்தின் அடிக்குறிப்பொன்றில், தொழினுட்பத்துக்கு விமரிசன வரலாறு எழுதப்படின், பதினெட்டாம் நூற்றாண்டுக் கண்டுபிடிப்புகளுள் தனியொருவருக்கு உரியவை எவ்வளவு சொற்பம் என்பது தெரியவரும் என்ற கருத்தை அவர் முன்வைக்கிறார்.

இக்கருத்தைத் தட்டையாகக் கொண்டு, தனிமனிதர் எதனையும் ஆக்குவதில்லை எனக் கூறுவது தவறு. இதே மாவட்டத்தின் காக்கப்பள்ளியில், சிலாபத்துக்கு அண்மையில், தென்னந்தோட்டம் வைத்து ஆய்வு நடத்திய ரே விஜேவர்த்தன (1924–2010) ஆக்கும் திறன் மிக்க தனிமனிதர் என்பதில் ஐயமில்லை. கேம்பிரிட்ஜிற் பொறியியல் கற்ற இவர் 1950களின் நடுப்பகுதியில் வடிவமைத்த இரு சக்கர உழவு இயந்திரம், இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் லாண்ட்மாஸ்டர் என்ற பெயரில் உற்பத்தியாயிற்று. செல்வாக்குமிக்க குடும்பத்தவராதலின் அவர் யாரோடும் வழக்காட வேண்டியிருக்கவில்லை. அவர் பிற்காலத்தில் எழுப்பிய வினாவே நமக்கு முக்கியமானது. தாம் செய்தது வேளாண்மையின் முன்னேற்றமா, அல்லது எருமையை இயந்திரமாக்கியது மட்டுமா என அவர் கேட்டார். எருமை எண்ணெய் கேட்பதில்லை, எருவும் தரும். இயந்திரமோ எரிபொருள் கம்பனிக்கும் உரக் கம்பனிக்கும் உழவனைக் கடனாளியாக்கியது. காக்கப்பள்ளியில் அவர் சீமைக்கிளுவையைத் தென்னைக்கிடையே நட்டு, எருவுக்கும் எரிபொருளுக்கும் அதனைப் பயன்படுத்தும் முறைகளை ஆராய்ந்தார். கதியாலாக எவர் வீட்டு வேலியிலும் நிற்கும் அம்மரத்துக்கு யார் உரிமை கோருவது?

கரைவலைக்கும் இயந்திரம் வந்துவிட்டது. உழவு இயந்திரத்தின் பின்புறத்தில் வின்ச் பூட்டி, பலர் கூடி இழுத்த கயிற்றை அதனாற் சுற்றியெடுக்கும் முறை நம் கரையோரங்களிற் பரவியுள்ளது. முதலில் இதனைப் பூட்டியவர் யார் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கராஜ் வைத்திருந்த ஒருவராகவோ, சம்மாட்டி ஒருவரின் சாரதியாகவோ இருந்திருக்கலாம். மீன்பாட்டிற் பங்கு பெற்ற கைகள் குறைந்தன. கைகள் குறைந்த இடத்தில் அம்பாப் பாட்டும் ஓய்ந்தது. இயந்திரத்துக்குத் தாளம் தேவையில்லை. வின்ச் கடலடியைச் சேதப்படுத்துகிறது என்றும், அதனைத் தடைசெய்தால் தொழில் நின்றுவிடும் என்றும் அரசுக்கும் சம்மாட்டிகளுக்கும் சிறு தொழிலாளருக்கும் இடையே தகராறு எழுந்தது. கயிறு இழுத்துப் பங்கு பெற்றவர்கள் அக்கருவியால் இழந்ததற்கு யார் ஈடு செய்வது என்பதை அத்தகராறில் எவரும் கேட்கவில்லை. 2002இல் விண்ணப்பிக்கப்பட்ட ராம்குமாரின் உரிமை இரத்தாகாது நிலைத்திருப்பினும், 2022 மார்ச்சுடன் அதன் 20 ஆண்டுக் காலம் முடிவுற்றிருக்கும்.